ஏசி ஃபில்டர் மாத்தியும் கார்ல பூஞ்சை நாத்தம் போகல, பையனுக்கு இருமலும் நிக்கல. என்ன பண்றது டாக்டர்?

வேளச்சேரி பக்கத்துல இருந்து ஒரு அம்மா நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. பேரு, பையனோட ஸ்கூல், அடையாளம் எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சொல்றேன்.

போன ஏப்ரல்ல செகண்ட் ஹேண்ட் கார் விக்கிற ஒரு ஷோரூம்ல சின்ன கார் ஒண்ணு வாங்கியிருக்காங்க. கோடை முழுக்க ஒரு பிரச்சனையும் இல்ல. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வீட்டுக்காரர் வண்டிய உள்ளயும் வெளியயும் ஃபுல்லா வாட்டர் வாஷ் விட்டு எடுத்துட்டு வந்திருக்கார், மறுநாள் பொட்டு வச்சு மாலை போட்டு பூஜை முடிச்சு, அன்னைக்கு ராத்திரியே வண்டிக்கு கவர் போட்டு மூடிட்டு எல்லாரும் ட்ரெயின்ல திருநெல்வேலி போயிட்டாங்க. அஞ்சு நாள் கழிச்சு வந்து கதவைத் திறந்தா ஈரச் சாக்கு நாத்தம். சீட் பெல்ட்லயும் பின் சீட் ஓரத்துலயும் வெள்ளையும் பச்சையுமா பூத்திருக்கு, அங்கங்க கருப்புப் புள்ளி. தொடச்சிருக்காங்க, மெக்கானிக் ஏசி ஃபில்டர் மாத்திக் குடுத்திருக்கார், பத்து நாள் நல்லா இருந்திருக்கு, மழை ஆரம்பிச்சதும் நாத்தம் திரும்பி வந்துடுச்சு.

பையனுக்கு ஆறு வயசு. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை வீசிங் வரும், குழந்தைகள் டாக்டர் தினமும் எடுக்கச் சொல்லி ஒரு இன்ஹேலர் குடுத்திருக்கார். இப்போ கார்ல ஏறி பத்து நிமிஷத்துல இருமல் ஆரம்பிச்சிடுது, ராத்திரியும் வருது. திருநெல்வேலியில இருந்த அஞ்சு நாளும் ஒரு இருமல் இல்லையாம். வீட்டுக்காரர் "பழைய வண்டின்னா அப்படித்தான், பையனுக்கு ஏசி ஒத்துக்கல"ங்கறார், வாசனை பாட்டில் ஒண்ணு வாங்கித் தொங்க விட்டிருக்கார். மாமியார் கார் கதவைச் சாத்திட்டு உள்ள சாம்பிராணி போட்டிருக்காங்க. யாரோ வாட்ஸ்அப்ல ப்ளீச்சிங் பவுடரும் வினிகரும் கலந்து தொடைக்கிற வீடியோ அனுப்பியிருக்காங்க. மாமியாருக்கு சர்க்கரை இருக்கு, இது அந்த கருப்புப் பூஞ்சையான்னு வீடே பயந்து கிடக்கு. வெள்ளத்துல முங்கின வண்டிய தலையில கட்டிட்டாங்களா, கேஸ் போடலாமா, வந்த விலைக்குத் தள்ளி விட்டுடலாமா, கார் சரியானா இன்ஹேலர நிறுத்திடலாமா. இவ்வளவும் கேட்டிருக்காங்க.

நான் நெஞ்சு நோய் டாக்டர், மெக்கானிக் இல்ல. ஆனா மழை சீசன்ல என் கிட்ட வர்ற இருமல் கேஸ்ல வீடு, மெத்தை எல்லாம் விசாரிக்கிற மாதிரியே காரையும் விசாரிப்பேன், அதனால இதைப் பத்தி கொஞ்சம் கத்துக்க வேண்டி வந்துச்சு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன்ம்மா. அந்த வாட்டர் வாஷ் விஷயத்த நீங்க போற போக்குல ஒரு வரியில எழுதிட்டுப் போயிட்டீங்க, எனக்கு கடிதத்துலயே முக்கியமான வரி அதான். காரோட தரையில நாம பாக்குறது மேல இருக்கற கார்பெட் மட்டும்தான், அதுக்கு அடியில கம்பளி மாதிரியோ ஃபோம் மாதிரியோ தடியா ஒரு லேயர் இருக்கு, சத்தம் வராம இருக்கறதுக்குப் போட்டது. உள்ள தண்ணி அடிச்சா மேல தொடச்ச உடனே காஞ்ச மாதிரி தெரியும், அடியில இருக்கறது குளத்துல போட்ட பஞ்சு மாதிரி குடிச்சு வச்சிருக்கும். நனைஞ்ச துணியோ ஃபோமோ 24லிருந்து 48 மணி நேரத்துக்குள்ள காயலன்னா பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சிடும்னு நாங்க சொல்றது வழக்கம், உங்க வண்டி கண்ணாடி ஏத்தி, மேல கவரும் போட்டு, வெயில்ல அஞ்சு நாள் வேகுற மாதிரி நின்னிருக்கு. இட்லிச் சட்டிக்குள்ள ஈரத்துணிய வச்சு மூடின மாதிரிதான். வேற எந்தத் தப்பும் இல்லாத வண்டியிலகூட இதுக்கு அப்புறம் பூக்கும். அதனால உங்களை ஏமாத்திட்டாங்கன்னு முடிவுக்கு வர்றதுக்கு முன்னாடி இதை யோசிங்க. வீட்டுக்காரர் மேலயும் கோவப்பட வேணாம், ஆயுத பூஜைக்கு ஊர்ல முக்காவாசிப் பேர் பண்றதுதான் அவரும் பண்ணியிருக்கார்.

ஃபில்டர் மாத்தியும் ஏன் திரும்பி வந்துச்சு

இது தெரிஞ்சுட்டா பாதி குழப்பம் தீந்துடும். பெரும்பாலான கார்ல காத்து போற வழி இப்படி: முன் கண்ணாடிக்குக் கீழ வைப்பர் பக்கம் இருக்கற சல்லடை மாதிரி மூடி வழியா வெளிக்காத்து வரும், இல்லன்னா காருக்குள்ள இருக்கற காத்தே திரும்ப வரும், அது ஃபில்டர் வழியா போகும், அப்புறம்தான் கூலிங் காயில், அதுக்கப்புறம் உங்க மூஞ்சிக்கு. அதாவது ஃபில்டர் முன்னாடி, காயில் பின்னாடி. ஏசி ஓடும்போது காயில் சில்லுனு இருக்கும், நம்ம ஊரு ஈரக்காத்து பட்டதும் சில் சொம்பு வேர்க்கற மாதிரி வேர்த்து தண்ணி வடியும். அந்தத் தண்ணி ஒரு சின்ன ரப்பர் ட்யூப் வழியா வண்டிக்கு அடியில சொட்டிடணும். காயில்ல தூசி படிஞ்சு, ஈரமும் நின்னு, இருட்டாவும் இருந்தா அங்கயே பூஞ்சை வளரும். அப்படி வளர்ந்தா அதுல இருந்து வர்ற நாத்தமும் துகளும் ஃபில்டர தாண்டியே வர வேண்டியதில்ல, நேரா வெண்ட் வழியா வந்துடும். எவ்வளவு விலை குடுத்து ஹெப்பா ஃபில்டர் போட்டாலும், அதுக்குப் பின்னாடி பிறக்கறத அது எப்படிப் பிடிக்கும்? கார்பன் ஃபில்டரும் அப்படித்தான், வெளியில லாரிப் புகை, கூவம் நாத்தம் இதையெல்லாம் கொஞ்சம் குறைக்கும், காயில் நாத்தத்த நிறுத்தாது.

அதுக்காக ஃபில்டர் வேணாம்னு சொல்லல. பூஞ்சை விதைங்க பெரும்பாலும் 2லிருந்து 10 மைக்ரான் அளவு, நல்ல ஃபில்டர் அதுல நிறைய பிடிச்சிடும், முக்கியமா தூசி காயில்ல போய் ஒட்டாம காப்பாத்தும். சில ஷெட்ல "ஃபில்டர கழட்டிட்டா கூலிங் பிச்சுக்கும்"னு கழட்டி விட்டுடுவாங்க, அந்த வேலையே வேணாம். ஃபில்டரே ஈரமா கிடந்தா அதுல சிக்கின தூசியத் தின்னு அதுலயே பூஞ்சை வளரும்ங்கறதையும் மறக்காதீங்க. உங்களுக்குப் பத்து நாள்ல திரும்பினதுக்கு அர்த்தம் ஃபில்டர் மட்டம்ங்கறது இல்ல, ஈரம் இன்னும் வண்டிக்குள்ள இருக்குன்னு அர்த்தம்.

என் வண்டியிலயே ஒரு மழைக்காலத்துல இது நடந்துச்சு. தினமும் வேப்ப மரத்தடியில நிப்பாட்டுவேன். ஒரு ஞாயித்துக்கிழமை தெரிஞ்ச மெக்கானிக் வீட்டுக்கே வந்து, டேஷ்போர்டு பெட்டிய ரெண்டு பக்கமும் அமுக்கிக் கீழ இறக்கி, உள்ள இருந்த மூடியக் கழட்டி ஃபில்டர உருவினார். வெள்ளையா இருக்க வேண்டியது சாம்பல் கலர்ல இருந்துச்சு, ஒவ்வொரு மடிப்புக்குள்ளயும் வேப்பிலை, வேப்பம்பூக் காம்பு, ஒரு ஓரம் கைய வச்சா சொதசொதன்னு ஈரம். பானெட்ட திறந்து வைப்பருக்குக் கீழ பாத்தா அந்தப் பள்ளம் முழுக்க மக்கின இலை, மழைத்தண்ணி வடியற ஓட்டைய அடைச்சுக்கிட்டு, தண்ணி அங்கயே நின்னு காத்து போற வழியில இறங்கியிருக்கு. நான் புது ஃபில்டர் வாங்கி கையில வச்சுக்கிட்டு நின்னேன், அவர் "இலைய அள்ளாம இதைப் போட்டா அடுத்த மழைக்கு இதுவும் போச்சு சார்"ன்னார். அப்போதான் எனக்கும் உறைச்சுது.

தண்ணி எங்கன்னு கண்டுபிடிக்கிறது

இந்த வாரம் உங்க வேலை இதுதான். க்ளீனிங் ரெண்டாவது. ஆனா எதையும் கழட்டறதுக்கும் தொடைக்கிறதுக்கும் முன்னாடி எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, காரணம் கீழ சொல்றேன்.

மேட்ட எடுத்துட்டு நாலு பக்கமும் கார்பெட் மேல செய்தித்தாள மடிச்சு வச்சு ஷூ காலால அஞ்சு நிமிஷம் அழுத்தி நில்லுங்க. எந்தப் பக்கத் தாள் நனையுதோ அங்க அடியில தண்ணி இருக்கு. நாலு பக்கமும் ஒரே மாதிரி நனைஞ்சா வாட்டர் வாஷ் தண்ணி இன்னும் காயலன்னு நினைக்கலாம். முன்னாடி டிரைவருக்குப் பக்கத்து சீட் காலடி மட்டும் நனைஞ்சா ஏசி தண்ணி போற ட்யூப் அடைச்சிருக்க வாய்ப்பு அதிகம், சேறோ குளவிக் கூடோ போய் அடைக்கும். அதுக்கு ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கு, ஏசிய இருபது நிமிஷம் ஓட விட்டுட்டு கீழ குனிஞ்சு பாருங்க, சென்னை மழைக்காலத்துல தண்ணி சொட்டியே ஆகணும், சொட்டலன்னா அது உள்ளதான் இறங்குது. நிறைய பேர் சொட்டறதப் பாத்து பயப்படுவாங்க, சொட்டினா நல்லது. மழை பெஞ்ச மறுநாள் மட்டும் நனையுதுன்னா கதவு ரப்பர் பீடிங்க, வைப்பருக்குக் கீழ இருக்கற பள்ளத்த, டிக்கி ஓரத்தப் பாக்கணும். ஈரம் பிசுபிசுன்னு இருந்து இனிப்பா ஒரு வாசனை வந்து முன் கண்ணாடியில எண்ணெய்ப் படலம் மாதிரி படிஞ்சா அது கூலன்ட் (இன்ஜின குளிர வைக்கற திரவம்) லீக்கு, பூஞ்சை இல்ல, அதுக்கு நேரா வொர்க்ஷாப்தான்.

அப்புறம் மெக்கானிக் கிட்ட ஃபில்டர உங்க கண்ணு முன்னாடி ஒரு தடவ உருவிக் காட்டச் சொல்லுங்க. அம்பு குறி காத்து போற பக்கம் பாத்து இருக்கான்னு கேளுங்க, தலைகீழா போட்டு வச்சிருக்கறத நானே பாத்திருக்கேன். பழசை கம்ப்ரஸர்ல ஊதி திரும்பப் போடறதும் வேணாம், பேப்பர் மாதிரி இருக்கறத கழுவறதும் வேணாம், அதோட நார் பிஞ்சிடும். பொதுவா 10,000லிருந்து 15,000 கிலோமீட்டர் இல்லன்னா வருஷத்துக்கு ஒரு தடவைன்னு போட்டிருப்பாங்க, நம்ம ஊரு தூசிக்கும், வீசிங் இருக்கற பிள்ளை ஏறுற வண்டிக்கும் நான் வருஷத்துக்கு ரெண்டு தடவைன்னு சொல்வேன், ஒண்ணு மழைக்கு முன்னாடி, ஒண்ணு மழை விட்டதும். சில நூறு ரூபாய்ல முடியற விஷயம்.

எப்படி க்ளீன் பண்றது, எதைப் பண்ணவே கூடாது

கூடாதத முதல்ல சொல்லிடறேன், ஏன்னா உங்க லிஸ்ட்ல ஒண்ணு உண்மையிலயே ஆபத்து. ப்ளீச்சிங் பவுடரும் வினிகரும் சேந்தா குளோரின் வாயு வரும். திறந்த இடத்துலயே அது நெஞ்ச எரிக்கும், கார் மாதிரி பொட்டிக்குள்ள குனிஞ்சுக்கிட்டு தொடைக்கிற ஆளுக்கு நுரையீரல்ல நீர் கோக்கற அளவுக்குப் போகலாம். அந்த வீடியோவ அனுப்பினவங்களுக்கும் தயவு செஞ்சு இதைச் சொல்லுங்க. ப்ளீச்ச தனியா போட்டாலும் துணி, ஃபோம் மாதிரி ஆழமா இருக்கறதுல உள்ள வரைக்கும் போய் வேலை செய்யாது, மேல கலர் மட்டும் வெளுக்கும்.

சாம்பிராணி விஷயத்துல மாமியார் மனசு நோகாம பேசுங்க. அவங்க பேரனுக்கு நல்லதுன்னு நினைச்சுதான் பண்ணியிருக்காங்க. ஆனா வீசிங் இருக்கற பிள்ளைக்கு பூஞ்சை எவ்வளவு தூண்டுமோ புகையும் அவ்வளவு தூண்டும், அதுவும் மூடின காருக்குள்ள போட்டா சீட் துணியெல்லாம் அந்தப் புகைய குடிச்சு வச்சு நாள் கணக்குல விடும். தொங்க விட்ட வாசனை பாட்டிலும் இன்னைக்கே வெளிய போகட்டும். அது நாத்தத்த மூடுது, உங்களுக்கு இருக்கற ஒரே எச்சரிக்கை மணியே அந்த நாத்தம்தான். காரை உள்ளயும் வெளியயும் சுத்தம் பண்ற டீடெய்லிங் கடையில, ஓசோன் வாயுவ உள்ள விடற ஓசோன் ட்ரீட்மென்ட்னு ஒண்ணு சொல்வாங்க, அதுவும் பரிந்துரைக்க மாட்டேன். மனுஷன் மூச்சு விடற அளவு ஓசோன் பூஞ்சைய பெருசா ஒண்ணும் பண்ணாது, பூஞ்சைய கொல்ற அளவு ஓசோன் மூச்சுக்குழாயப் புண்ணாக்கும், ஈரம் எப்படியும் அங்கயேதான் இருக்கப் போகுது.

சரி, செய்ய வேண்டியது. பையனையும் மாமியாரையும் அன்னைக்கு பக்கத்துலயே விடாதீங்க. வேலை செய்றவர் என்-95 மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கணும், நாலு கதவும் திறந்திருக்கணும். காஞ்ச பூஞ்சைய ப்ரஷ் போட்டுத் தேய்க்காதீங்க, விதையெல்லாம் பறக்கும். சோப்புத் தண்ணியில நனைச்சு நல்லாப் பிழிஞ்ச துணியால தொடச்சு, அந்தத் துணிய தூக்கிப் போட்டுடுங்க. சீட் பெல்ட்ட முழுசா கடைசி வரைக்கும் இழுத்து க்ளிப் போட்டு நிறுத்தித் தொடச்சு, காஞ்ச பிறகுதான் உள்ள விடணும், பாதி பேர் வெளிய தெரியற அளவுக்கு மட்டும் தொடச்சிட்டு விட்டுடுவாங்க.

செய்தித்தாள் நனைஞ்சிருந்தா ஒரே வழிதான், சீட்டக் கழட்டி கார்பெட்ட தூக்கி அடி லேயர வெளிய எடுத்துக் காய வைக்கிறது. ஈரத்தை உறிஞ்சுற வாக்குவம் வச்சிருக்கற கடையில முதல்ல உறிஞ்சச் சொல்லுங்க, அப்புறம் மொட்டை மாடி வெயில், வெயில் இல்லன்னா ஹால்ல ஃபேனுக்கு அடியில ரெண்டு மூணு நாள். பூஞ்சை ஊறிப்போன அடி லேயர தூக்கிப் போட்டு புதுசு போடறதுதான் புத்திசாலித்தனம், கழுவி மீக்கலாம்னு பாக்காதீங்க. கூலிங் காயிலுக்கு நுரை மாதிரி ஒரு க்ளீனர் இருக்கு, மெக்கானிக் ஃபில்டர கழட்டிட்டு அந்த வழியாவோ கீழ ட்யூப் வழியாவோ அடிப்பார், கொஞ்ச நேரம் ஊறவிட்டா கீழ கருப்பா தண்ணி இறங்கும். அதுக்கு அப்புறம்தான் புது ஃபில்டர். வரிசை மாறக் கூடாது: தண்ணி வண்டிக்குள்ள இறங்கறத நிறுத்தணும், காய வைக்கணும், காயில க்ளீன் பண்ணணும், கடைசியில ஃபில்டர். உங்க மெக்கானிக் கடைசி வேலைய முதல்ல செஞ்சுட்டார்.

இனிமே தினமும் ஒரு பழக்கம் வச்சுக்கோங்க. வீடு வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஏசி பட்டன ஆஃப் பண்ணிட்டு ப்ளோயர மட்டும் ஓட விடுங்க, வெளிக்காத்து வர்ற மோடுல. காயில் காஞ்சிடும். வெளிய ஒரே புகையா இருந்தா மட்டும் உள்காத்து மோடு போதும், நாள் முழுக்க அதுலயே ஓட்டினா நாம விடற மூச்சும் ஈரமும் உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். நனைஞ்ச குடை, ரெயின்கோட், பையனோட ஈர சாக்ஸ் எதையும் ராத்திரி வண்டியில விட வேணாம். ஈரமான வண்டிக்கு கவர் போடவே போடாதீங்க.

கருப்பா இருந்தா கருப்புப் பூஞ்சையா?

2021ல கொரோனா ரெண்டாவது அலையில அந்தப் பேரக் கேட்டு எல்லாரும் எவ்வளவு பயந்தோம்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அந்த வார்டுல நின்னவன் நான். அதனால உங்க பயத்த சும்மா தள்ளி விட மாட்டேன். ஆனா ரெண்டும் வேற வேறம்மா. அந்த நோய்க்குப் பேர் மியூகர்மைகோசிஸ், அதை உண்டாக்கற பூஞ்சை கருப்பே இல்ல, அது பரவி ரத்த ஓட்டம் நின்னு செத்துப்போன சதைதான் கருப்பாகுது, அதுல வந்த பேரு. அந்தப் பூஞ்சையோட விதை மண்ணுல, அழுகின பழத்துல எல்லா இடத்துலயும் இருக்கு. சர்க்கரை கட்டுப்பாடே இல்லாம, ஸ்டீராய்டும் அதிகமா போய், எதிர்ப்பு சக்தி விழுந்தவங்களத்தான் அது பிடிச்சுது. சீட்ல இருக்கற கருப்புப் புள்ளி ஈரமான சுவத்துல வர்ற அதே ரகம். கலர வச்சு எது விஷம் எது சாதுன்னு சொல்ல முடியாது, லேபுக்கு அனுப்பி என்ன ரகம்னு கண்டுபிடிக்கவும் வேணாம், எதுவா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதான், ஈரத்த எடுக்கணும்.

மாமியாருக்கு நான் கேக்கறது ஒண்ணுதான், கடைசியா எப்போ மூணு மாச சர்க்கரை டெஸ்ட் எடுத்தாங்க? அது கட்டுக்குள்ள இருந்தா அந்தக் காரால அவங்களுக்கு இந்த நோய் வரும்னு பயப்பட வேணாம். ஆனா க்ளீன் பண்ற வேலையில அவங்க கை வைக்க வேணாம். எப்பவாவது ஒரு பக்க மூக்கு மட்டும் அடைச்சு, முகம் ஒரு பக்கமா வீங்கி, கண்ணு வலிச்சு, மூக்குல கருப்பா வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள்னு தள்ளக் கூடாது.

பையன் விஷயம்

இதுல ஒரு இடத்துல உங்களையும் கொஞ்சம் திருத்தணும். திருநெல்வேலியில இருமல, இங்க வந்ததும் இருமறான், அதனால கார்தான்னு முடிவு பண்ணிட்டீங்க. நல்ல கவனிப்பு அது, கார்மேல எனக்கும் பலமான சந்தேகம்தான். ஆனா அங்க போனப்போ காரை மட்டுமா விட்டுட்டுப் போனீங்க? வேளச்சேரி வீடு, மெத்தை, ஸ்கூல், மெயின் ரோடு தூசி எல்லாத்தையும் விட்டுட்டுத்தானே போனீங்க. படுக்கற ரூம் சுவத்துல ஈரம் ஏறியிருக்கா, அலமாரிக்குப் பின்னாடி பூத்திருக்கா, கரப்பான் இருக்கா பாருங்க. அதுக்கு சுலபமான வழி, ரெண்டு வாரம் அவனைக் கார்ல ஏத்தாதீங்க. ஒரு நோட்டுல காலையில, ராத்திரி, ஸ்கூல் போயிட்டு வந்ததும் இருமல் எப்படி, நிவாரண இன்ஹேலர் (வீசிங் வந்தா உடனே அடங்கறதுக்குக் குடுக்கறது) எத்தனை தடவ தேவைப்பட்டுதுன்னு எழுதுங்க. மூச்சு எவ்வளவு வேகமா வெளிய வருதுன்னு ஊதிப் பாக்கற பீக் ஃப்ளோ மீட்டர் ஒண்ணு இருக்கு, ஆறு வயசுப் பிள்ளை ரெண்டு நாள்ல கத்துக்கும், டாக்டர் கிட்ட கேட்டு அதையும் வாங்கி எழுதி வைங்க. பகல் இருமல் போயி ராத்திரி இருமல் மட்டும் இருந்தா வீட்டுக்குள்ள தேடணும்.

"ஏசி ஒத்துக்கல"ங்கறது பாதி உண்மை. சில பிள்ளைங்களுக்கு சில்லுனு மூஞ்சியில அடிக்கற காத்தே இருமலத் தூண்டும், அதுக்கு வெண்ட திருப்பி வச்சா போதும். இங்க நாத்தமும் இருமலும் ஒண்ணா வர்றதால, குளிர்ச்சிய விட அந்தக் காத்துல வர்றதுமேலதான் எனக்கு சந்தேகம்.

இன்ஹேலர் பேச்சுக்கு வர்றேன், இதுல உங்க வீட்டுக்காரர் கிட்ட நேரா பேசற மாதிரி சொல்றேன். சார், இன்ஹேலர் பழக்கமாகற மருந்து இல்ல. தினமும் எடுக்கற அந்த மருந்து மைக்ரோகிராம் கணக்குல நேரா மூச்சுக்குழாய்க்குப் போகுது, வீசிங் முத்திப் போய் வாய்வழியா குடுக்கற ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கு, உடம்பு முழுக்க போகும். சின்னத நிறுத்தினா பெருசு வேண்டி வரும். கார சரி பண்றதும் மருந்து குடுக்கறதும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்து இல்ல. கார் சரியாகி, மூணு மாசம் பிள்ளை இருமாம, ராத்திரி முழிக்காம இருந்தா உங்க டாக்டரே டோஸக் குறைப்பார், அந்த முடிவ அவர் கிட்ட விடுங்க. ஸ்பேசர் (இன்ஹேலர் முனையில மாட்டற குழாய்) வச்சுத்தான் குடுக்கறீங்களா, மாஸ்க் மூஞ்சியில ஒட்டியிருக்கான்னு மட்டும் அடுத்த தடவ அவர் முன்னாடி செஞ்சு காட்டுங்க, மருந்து வேலை செய்யலன்னு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு குடுக்கற முறையிலதான் தப்பு இருக்கும்.

பேச முடியாம திணறினா, விலா எலும்புக்கு நடுவுல குழி விழுந்தா, உதடு நீலமானா, நிவாரண இன்ஹேலர் குடுத்தும் நாலு மணி நேரம் தாங்கலன்னா, உடனே 108 இல்லன்னா பக்கத்து ஆஸ்பத்திரி. மறுபடியும் மறுபடியும் வந்துக்கிட்டே இருந்தா பூஞ்சை அலர்ஜிக்கு ரத்தத்துல ஐஜிஇ டெஸ்ட் இருக்கு, அது இப்பவே வேணும்னு சொல்ல மாட்டேன்.

ஏமாத்திட்டாங்களா, விக்கலாமா

வாட்டர் வாஷே காரணமா இருக்கலாம்னு சொன்னேன், ஆனா உங்க சந்தேகத்தையும் ஒதுக்கல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் முங்கின வண்டிங்க எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியும். சீட்டக் கழட்டற அன்னைக்கு மெக்கானிக்க இதையும் பாக்கச் சொல்லுங்க: சீட் பெல்ட் கடைசி வரைக்கும் இழுத்தா அடியில சேத்துக் கறை கோடா இருக்கா, சீட்டுக்கு அடியில தண்டவாளம், ஸ்க்ரூ எல்லாம் ஒரே உயரம் வரைக்கும் துருப்பிடிச்சிருக்கா, ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்துல காஞ்ச வண்டல் இருக்கா, ஹெட்லைட்டுக்குள்ள தண்ணிக் கோடு இருக்கா. ஒரு மாச பூஞ்சையால இதெல்லாம் வராது. பழைய இன்சூரன்ஸ்ல அந்த நேரத்துல பெரிய க்ளெய்ம் போயிருக்கான்னும், கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஹிஸ்டரி என்ன சொல்லுதுன்னும் விசாரிங்க.

அப்படி ஏதாவது தெரிஞ்சா, நீங்க ஷோரூம்ல வாங்கினதால நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்களுக்குப் பொருந்தும். பிரச்சனை வந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், உங்க ஊர்லயே போடலாம், வாங்கின விலை 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே இல்ல. அதுக்கு முன்னாடி 1915 ஹெல்ப்லைன்ல புகார் குடுத்துப் பாருங்க, ஷோரூமுக்கு எழுத்துல ஒரு கடிதம் அனுப்புங்க. வாயால "வெள்ளத்துல மாட்டாத வண்டி"ன்னு சொன்னது போதாது, பில்லு, விளம்பரம், வாட்ஸ்அப் மெசேஜ் எது இருந்தாலும் எடுத்து வைங்க. போட்டோ எடுத்துட்டுத் தொடைங்கன்னு சொன்னது இதுக்குத்தான், மெக்கானிக் கிட்டயும் பாத்தத எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க. இதுக்கு மேல ஒரு வக்கீல் சொல்றதுதான் சரி. வெள்ளத்துல முங்கின அடையாளம் எதுவும் கிடைக்கலன்னா, தயவு செஞ்சு அந்த ஷோரூம்காரர் மேல கேஸுன்னு மனச அலைய விடாதீங்க.

விக்கிறதப் பத்தி. சரி பண்ணினா சில ஆயிரத்துல முடியற வண்டிய நாத்தத்தோட வித்தா நஷ்டம் உங்களுக்கு. மறைச்சு வித்தா வாங்கறவர் வீட்டுலயும் ஒரு பிள்ளை இருக்கலாம், நீங்க எனக்கு எழுதின இதே கடிதத்த அந்த அம்மா எழுத வேண்டி வரும். வெள்ளத்துல முங்கின வண்டின்னு உறுதியானா மட்டும் விக்கிறது சரி, அதையும் சொல்லியே வித்துடுங்க, ஏன்னா அதுல பூஞ்சைய விட ஏர்பேக் வயர், கனெக்டர் துரு பெரிய கவலை. மத்தபடி கார்பெட்ட காய வச்சு, காயில க்ளீன் பண்ணி, நல்ல மழை ஒண்ணு ரெண்டு பாத்து, அப்பவும் செய்தித்தாள் காஞ்சிருந்தா வச்சுக்கோங்க.

கடிதத்தோட கடைசியில ஒரு வரி எழுதியிருந்தீங்க, காலையில கார் கதவைத் திறந்தாலே பையன் மூக்கைப் பொத்திக்கிட்டு "நடந்தே போலாம்மா"ங்கறான்னு. ஸ்கூல் ஒன்னரை கிலோமீட்டர்தான்னு சொல்றீங்க. இந்த ரெண்டு வாரம் மழை இல்லாத காலையில கால் மணி நேரம் முன்னாடி கிளம்பி, உள்தெரு வழியா, நிவாரண இன்ஹேலர பையில போட்டுக்கிட்டு, அவன் கேக்கற மாதிரியே நடந்து கூட்டிட்டுப் போங்க. நோட்டுல அதையும் எழுதி வைங்க.